கை தெரியாத விளக்கு

நான் ஏழாவது படிக்கும்போது, தெருவில் யாரும் சாகாத ஒரு செவ்வாய்க்கிழமை, சாவு மணி அடித்தேன்.

சித்தூரில் எங்கள் சர்ச்சில் மணி அடிப்பது என் நைனாவின் வேலை. பெஞ்ச் துடைப்பது, பாட்டுப் புத்தகம் அடுக்குவது, கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டுவது எல்லாமே அவர்தான். ஆனாலும் ஜனங்களுக்கு அவர் மணிக்காரர். ஞாயிறு என்றால் கயிறு வேகமாக இறங்கும். சாவு என்றால் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் ஒரு ஆள் பெருமூச்சு விட்டு முடிக்கலாம். அந்த இடைவெளியை நான் பார்த்துப் பார்த்துப் பழகி வைத்திருந்தேன். எட்டு அடி அடித்தேன். பாதித் தெரு சர்ச் வாசலுக்கு வந்துவிட்டது. முக்காட்டைச் சரிசெய்துகொண்டே ஒரு அக்கா, "யாருப்பா போய்ட்டது?" என்று கேட்டாள்.

"இன்னும் முடிவாவலக்கா" என்றேன்.

நைனா அப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் துடைப்பம் வாங்கப் போயிருந்தார். அங்கிருந்தே மணியைக் கேட்டவர், யாரையும் எதுவும் விசாரிக்காமல், அதே துடைப்பத்தோடு நேராக என்னிடம் வந்தார். அடி வாங்கிக்கொண்டே கேட்டேன், நான்தான் என்று எப்படித் தெரியும் என்று.

"கயித்த யார் இழுத்தாலும் மணியில தெரியும்டா. நீ இழுத்தா கடைசி அடி நிக்காது. ஓடிப் போறதுக்கு ரெடியா அடிப்ப."

உண்மைதான். அவர் ஜுரத்தில் படுத்திருந்து வேறு யாராவது மணி அடித்தால் போர்வைக்குள்ளிருந்தே சொல்வார்: "இது ஆர்கன் வாசிக்கற புள்ள. கயித்துக்கு வலிக்கப் போவுதுன்னு இழுக்குது." விசாரித்தால் அவனாகத்தான் இருக்கும்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு எங்கள் தெருவில் நான் எது சொன்னாலும் இன்னொருவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது வழக்கமாகிவிட்டது. நைனாவுக்கும் அந்த வழக்கம் வந்தது. நான் அதைப் பெருமையாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பத்தாவதில் தெலுங்கு பேப்பர் என்னை இரண்டு முறை கீழே தள்ளியது. ஐடிஐயில் ஒரு வருஷம் போனேன். அங்கே நான் ஃபெயில் ஆகவில்லை. ஃபெயில் ஆகும் வரைக்கும்கூட அவர்கள் பொறுக்கவில்லை. கற்றுக்கொண்ட அரை வயரிங்கோடு திருப்பதிக்கு வந்து, மீதி அரையை ஷாக் அடித்துத் தெரிந்துகொண்டேன். அம்மா அதற்கு முன்பே கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டாள். அன்றைக்கும் மணி அடித்தது நைனாதான். வேறு ஆள் அடிக்கட்டும் என்று எங்கள் பாதிரி ஐயர் சொல்லிப் பார்த்தார். நைனா கயிற்றைக் கொடுக்கவில்லை.

அவர் ரிட்டயர் ஆனதும் சர்ச் காம்பவுண்டுக்குள் இருந்த ஒற்றை அறையைக் காலி செய்ய வேண்டி வந்தது. அடுத்த மணிக்காரர் பெண்டாட்டி பிள்ளைகளோடு காத்திருந்தார், அவரைக் குறை சொல்ல முடியாது. நைனாவுக்கு ராமகுப்பத்தில் என் சித்தப்பா வீடு இருந்தது. சித்தப்பா பட்டுப்பூச்சி வளர்க்கிறார். அந்த வீட்டில் பூச்சிக்குத்தான் முதல் மரியாதை. கொசுவர்த்தி கொளுத்தக் கூடாது, முட்டிவலிக்குத் தைலம் தேய்க்கக் கூடாது. வாடை பட்டால் பூச்சி இரை எடுக்காது. அங்கே போகவில்லை என்றால் திருப்பதியில் நான்.

"ஒரு மாசம் வந்து பாக்கறேன்" என்றார் நைனா. "வீடு மாதிரி இருந்தா இருக்கறேன். லாட்ஜ் மாதிரி இருந்தா உங்க சித்தப்பங்கிட்ட போயிடுவேன். இன்னா?"

"அங்க பூச்சி உன்ன ஏத்துக்கணுமே நைனா."

"உன்னையே நான் ஏத்துக்கினேன். பூச்சி என்ன ஏத்துக்காதா?"

அவர் என்னோடு இருக்க வேண்டும், எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அதை அவரிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். எங்களுக்குள் அப்படிப் பேசிப் பழக்கமில்லை. கிண்டல்தான் பழக்கம்.

நான் இருந்தது அலிபிரி போகிற ரோட்டில் ஒரு மூன்று மாடிக் கட்டடம். ஒரு கம்பெனி அதை எடுத்து, வருங்காலத்தில் ஜனங்கள் எப்படிச் சேர்ந்து குடியிருப்பார்கள் என்று சோதனை பார்த்துக்கொண்டிருந்தது. ஆளுக்கு ஒரு அறை, சமையலறை எல்லாருக்கும் ஒன்று. ஸ்ரீசிட்டி ஃபேக்டரிக்குப் பஸ் ஏறும் பையன்கள், ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் பெண்கள், தனியாக இருந்த ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா என்று சின்னவர்களையும் பெரியவர்களையும் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்தார்கள். வயரிங் செய்யப் போன என்னை, அடிக்கடி ஏதாவது கெட்டுப்போகும் என்று அங்கேயே தங்கச் சொல்லி முதல் அறையைக் கொடுத்தார்கள். கெட்டுப்போனதில் பாதி நான் போட்ட வயர்தான். அதை நான் சொல்லவில்லை.

சோதனையை நடத்தியவர் சென்னையிலிருந்து வந்த ஒரு டிசைனர் மேடம். கலர் கலரான சின்னச் சீட்டுகளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொண்டே இருப்பார். ஒரே கூரைக்குக் கீழே பத்துப் பேர் இருந்தும் ஒருவரை ஒருவர் தெரியாமலே இருக்கிறார்கள் என்பது அவர் கவலை. அதற்கு அவர் செய்த மருந்து ஒரு விளக்கு.

ஊத்தப்பம் அளவுக்கு வட்டமான விளக்கு. ஒவ்வொரு அறைச் சுவரிலும் ஒன்று மாட்டினேன். எல்லார் போனிலும் ஒரு ஆப் உண்டு. அதில் ஒரு அறையைத் தொட்டால், அந்த அறையின் விளக்கு மஞ்சளாக மூன்று முறை எரிந்து 'டிங்' என்று ஒரு சத்தம் போடும். கூப்பிட்டவரின் அறை எண் நடுவில் தெரியும். அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான்: கீழே வா, டீ குடிக்கலாம். வேறு எதையும் அதில் சொல்ல முடியாது.

"மெசேஜ் அனுப்ப விட்டா, குட்மார்னிங் போட்டோவா வந்து குவியும்" என்றார் மேடம். அந்த விஷயத்தில் அவர் ரொம்பத் தெளிவு.

குடியிருப்பவர்களிடம் அவர் ஒரு கேள்வி கேட்டு வந்தார். இது என் வீடு என்று உங்களுக்கு எப்போது தோன்றும்? ஒரு பையன் வைஃபை நிற்காமல் வந்தால் என்றான். டீச்சரம்மா ஒரு துளசிச் செடி வைத்தால் என்றார். நைனா ஒரு டிரங்குப் பெட்டியோடு என் அறையில் வந்து இறங்கிய மறுநாள் அவரிடமும் கேட்டார். பெட்டி கயிறு கட்டியபடியே கட்டிலுக்குக் கீழே இருந்தது. ஒரு மாதம் முடியட்டும் என்று அதை அவர் அவிழ்க்கவில்லை.

நைனா நிதானமாக யோசித்தார். "என்னக் கேக்காம, என் டம்ளர எடுத்து யாராவது டீ குடிச்சாங்கன்னா" என்றார்.

மேடம் அதைப் பச்சைச் சீட்டில் எழுதி ஒட்டினார். அவர் போனதும் நான் அதற்குக் கீழே, 'குடித்த பிறகு கழுவி வைக்கவும்' என்று எழுதினேன்.

முதல் வாரம் நைனாவின் விளக்கு எரியவில்லை. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. வேலைக்குப் போனவர்கள் வந்து படுத்தார்கள், எழுந்தவர்கள் பஸ் பிடித்தார்கள், அவ்வளவுதான். நைனாவிடம் இருந்தது பட்டன் போன். அதில் ஆப் கிடையாது. அதனால் அவரால் யாரையும் கூப்பிட முடியாது, கூப்பிட்டால் மட்டும் போக முடியும். கட்டிலில் உட்கார்ந்து விளக்கையே பார்த்துக்கொண்டிருப்பார். சாயங்காலம் நான் வந்ததும் கேட்பேன்.

"இன்னிக்கி எரிஞ்சுதா?"

"எங்க எரிஞ்சுது. பல்பு போயிருக்குமோ இன்னாவோ."

"அது புது பல்பு நைனா."

"அப்ப நான்தான் பழசு."

பத்தாவது நாள், திருப்பதியில் வேறொரு வீட்டில் ஏணி மேல் நின்று ஃபேன் மாட்டிக்கொண்டிருந்தேன். மாலை நான்கு மணி. விளக்குகளை மாட்டியவன் என்பதால் எனக்குத் தனி லாகின் இருந்தது. யார் சமையலறையில் இருக்கிறார்கள் என்று அதில் தெரியும். எந்த அறை பெயரிலும் எந்த அறைக்கும் விளக்கை எரிய வைத்துச் சோதனை பார்க்கலாம். மூன்றாம் அறைப் பையன் அப்போது சமையலறையில் இருந்தான். செய்யாறு பக்கத்துப் பையன், ஸ்ரீசிட்டியில் வேலை. ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ் ஏறுவதற்கு முன் டீ போடுவான். பேச்சு அதிகம் கிடையாது. நான் ஏணி மேலிருந்தே மூன்றாம் அறையின் பெயரில் நைனாவின் விளக்கை எரிய விட்டேன்.

வீட்டுக்குப் போனபோது நைனா எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

"மூணாம் ரூம் புள்ள கூப்டுச்சுடா."

"அப்படியா?"

"ரெண்டு பேரும் டீ குடிச்சோம். நான் கதவுகிட்ட போனதும் 'உக்காருங்க அங்கிள்'ன்னுச்சு. டீயில சக்கர ஜாஸ்தி. நாளைக்கி சொல்லணும்."

நாளைக்கு. அந்த ஒரு வார்த்தைக்காக நான் மறுநாளும் எரிய விட்டேன். அதற்கு மறுநாளும் எரிய விட்டேன். சமையலறையில் ஆள் இருக்கிற நேரமாகப் பார்த்துத்தான் எரிய விடுவேன், அதனால் மாட்டிக்கொள்ளவில்லை. நைனா போய் வாசலில் நின்று, "இதோ வந்துட்டேன்பா" என்பார். கூப்பிட்டாயே என்று ஒரு நாளும் சொல்ல மாட்டார். அதைச் சொல்லிக் காட்டுவது அவருக்கு மரியாதைக் குறைவு. பையனோ, வருகிறபோதெல்லாம் பெரியவர் இப்படித்தான் சொல்வார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இன்னொரு டம்ளரை எடுப்பான். சில நாள் டீச்சரம்மா இருப்பார். அப்போது ஏழாம் அறையின் பெயரில் எரிய விடுவேன். "ரண்டி, கூர்ச்சோண்டி" என்று அவர் நாற்காலியை இழுத்துப் போடுவாராம்.

கூப்பிட்டது மட்டும்தான் பொய். டீ நிஜம். நாற்காலி நிஜம். அந்த நாட்களில் எனக்கு நானே சொல்லிக்கொண்டது இதுதான்.

நைனா தினமும் மூன்றரை மணிக்கே ஷேவ் செய்துகொள்ள ஆரம்பித்தார். கோயிலுக்குப் போகிற மாதிரி கழுத்து வரைக்கும் பட்டன் போட்டுக்கொள்வார். "யாரு கல்யாணம் நைனா?" என்று கேட்டால், "உனக்குத்தான் பொண்ணு பாத்துக்கினு கீறேன். கெடைக்கல" என்பார். ஒரு நாள் நான் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சொன்னார்:

"டேய், என் டம்ளர்ல டீச்சரம்மா குடிச்சிக்கினு இருந்தாங்க."

"கேட்டாங்களா?"

"கேக்கவே இல்ல" என்றார் நைனா. அந்த முகத்தை அம்மா இருந்த காலத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் பார்த்தேன். அன்று மாலையே கட்டிலுக்குக் கீழே குனிந்து டிரங்குப் பெட்டியின் கயிற்றை அவிழ்த்தார். மாதம் முடிய இன்னும் நாலு நாள் இருந்தது. சட்டைகளை எடுத்து அலமாரியில் அடுக்கினார். கயிற்றைச் சுருட்டி என்னிடம் கொடுத்து, "துணி காயப் போட கட்டிக்கோ" என்றார்.

அடுத்த வாரம் மூன்றாம் அறைப் பையனுக்கு ஷிஃப்ட் மாறிவிட்டது. எனக்கு அது தெரியாது. இராத்திரி முழுவதும் வேலை செய்துவிட்டு வந்து பகலில் தூங்குகிறான். நான்கு மணிக்கு நான் ஒரு ஏசி பாயிண்டில் தலையைக் கொடுத்திருந்தேன். சமையலறையில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல், பழக்கத்தில் கட்டைவிரலால் மூன்றைத் தொட்டுவிட்டேன்.

நைனா போயிருக்கிறார். சமையலறையில் யாரும் இல்லை. கூப்பிட்ட பிள்ளை ஏன் வரவில்லை, உடம்பு சரியில்லையோ என்று யோசித்திருக்கிறார். தானே டீ போட்டு, சர்க்கரை ஜாஸ்தியாகப் போட்டு, முட்டிவலியோடு படியேறி, மூன்றாம் அறைக் கதவைத் தட்டியிருக்கிறார். பையன் கண் சிவந்து வந்து கதவைத் திறந்திருக்கிறான். இதெல்லாம் பின்னால் அவனே எனக்குச் சொன்னது.

"உடம்புக்கு இன்னாப்பா? கூப்டியேன்னு வந்தேன்."

"நான் கூப்பிடலையே அங்கிள்."

"இப்ப இல்லியா?"

"நான் எப்பவுமே அத தொட்டது இல்ல அங்கிள். அத எப்டி அமுக்கறதுன்னே தெரியாது எனக்கு."

நைனா அந்த டீயை அவனிடம் கொடுக்கவும் இல்லை, குடிக்கவும் இல்லை. நான் வந்தபோது அது எங்கள் மேஜை மேல் ஆடை கட்டி இருந்தது. அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கழுத்துப் பட்டன் போட்டபடியே இருந்தது.

"மூணாம் ரூம் பேர்ல கூப்டது யாருடா?"

அந்த நேரத்தில் எனக்கு வாயில் வந்ததைச் சொன்னேன். "கர்த்தராத்தான் இருக்கும் நைனா."

அவர் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. "அந்தப் புள்ள பாவம், தெனமும் பஸ்ஸுக்கு லேட் ஆவுதேன்னு நெனச்சிக்கினே எனக்கு டம்ளர் எடுத்து வெச்சிருக்கும்" என்றார். "கூப்பிடாத வீட்ல போயி தெனமும் உக்காந்திருக்கேன். டீச்சரம்மாகிட்டயும் அப்டித்தானா?"

நான் மேஜை மேலிருந்த டீயை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டினேன். அவருக்கு அது போதுமாயிருந்தது.

"கோயில் மணின்னா எவன் இழுக்கறான்னு தெரியும்" என்றார். "இதுல ஒண்ணும் தெரியல. யார் கூப்டாலும் ஒரே மாதிரி மூணு வாட்டி எரியுது. கையே இல்லாத வெளக்குடா இது." தோளில் இருந்த துண்டை எடுத்து அந்த விளக்கின் மேல் மாட்டினார்.

அதற்கு மேல் நான் அந்த ஆப்பைத் திறக்கவில்லை. சத்தியமாகத் திறக்கவில்லை. ஆனால் இரண்டு நாள் கழித்து, மதியம் நான் அறையில் நைனாவோடு சோறு சாப்பிடும்போது, துண்டுக்கு அடியில் மஞ்சள் வெளிச்சம் வந்தது. 'டிங்'.

"போதும்டா, நிறுத்து" என்றார் நைனா.

"நான் இல்ல நைனா. கை பாரு, சாம்பாரு. போன் அங்க சார்ஜில கீது."

"சரி" என்றார். சிரித்தார். என் பழைய விளையாட்டுகளுக்குச் சிரிக்கிற அதே சிரிப்பு.

மறுநாளும் எரிந்தது. அதற்கு மறுநாளும். என்னால் பொறுக்க முடியவில்லை. மாடிக்கு ஓடினேன். மூன்றாம் அறைப் பையன் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான்.

"எப்டி அமுக்கறதுன்னு டீச்சரம்மாகிட்ட கேட்டு கத்துக்கினேண்ணா" என்றான். "ஷிஃப்ட் மாறினதுல சாப்பாட்டு நேரத்துல மட்டும்தான் முழிக்கறேன், அப்புறம் திரும்ப தூங்கிடறேன். மூணு நாளா டீ போட்டு வெச்சி கூப்பிடறேன், அங்கிள் வரவே மாட்டேங்கறாரு. அன்னிக்கி தூக்கக் கலக்கத்துல மூஞ்சிய அப்டி வெச்சிட்டேன். கோவமா அவுருக்கு?"

அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நைனாவின் முன்னால் நிறுத்தினேன். "நீயே சொல்லு" என்றேன்.

"நான்தான் அங்கிள் கூப்டேன். டீ ரெடியா கீது, வாங்க."

நைனா அவனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இவன்கிட்டயும் சொல்லி வெச்சிட்டியா?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, அவன் தோளைத் தட்டினார். "நல்ல புள்ளப்பா நீ. இவன் பேச்சக் கேட்டு உன் தூக்கத்த கெடுத்துக்காத."

"இல்ல அங்கிள், நெஜமாவே..."

"போய் தூங்குப்பா."

பையன் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே படியேறினான். யாரும் சாகாத நாளில் மணி அடித்தவன் நான். நிஜமான மணி வந்த நாளில் அதை யார் நம்புவார்கள்?

அதற்குப் பிறகும் தினமும் துண்டுக்கு அடியில் வெளிச்சம் வந்தது. சனிக்கிழமை காலை நைனா துணிக்கொடியிலிருந்து கயிற்றை அவிழ்த்தார். என் ஈர ஜட்டியை மட்டும் ஜன்னலில் போட்டுவிட்டு, அதே கயிற்றால் பெட்டியைக் கட்டினார். நான் என்னென்னவோ சொன்னேன். இந்த விளக்கைக் கழற்றிவிடுகிறேன் என்றேன். தனி வீடு பார்க்கிறேன் என்றேன். ஒரே ஒரு தடவை, வாழ்க்கையில் முதல் முறையாக, "நீ இல்லாம எனக்கு ஆவாது நைனா" என்றும் சொன்னேன்.

"இதையாவது நெஜமாத்தான் சொல்றியா?" என்று கேட்டார். கிண்டலாக இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் ஆட்டோ வந்துவிட்டது.

அடுத்த வாரம் மேடம் எல்லாரையும் சமையலறையில் உட்கார வைத்து, சுவரில் ஒரு படம் போட்டுக் காட்டினார். பத்து வட்டங்கள், நடுவில் கோடுகள். அதில் ஒரு வட்டம் மட்டும் பூசணிக்காய் மாதிரி பெரிதாக இருந்தது.

"இந்த வீட்லயே அதிகமா கூப்பிடப்பட்டவர் யாருன்னு பாருங்க. ரூம் ஒன். நம்ம அங்கிள்." அவர் குரலில் அவ்வளவு சந்தோஷம். "வந்து கொஞ்ச நாள்தான் ஆச்சு. டிவைஸ் வேலை செய்யுது." எல்லாரும் கை தட்டினார்கள். மூன்றாம் அறைப் பையன் தட்டவில்லை.

"மேடம், அது எல்லாம் நான் பண்ணது" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார். எழுந்து போய் அவருடைய லேப்டாப்பிலேயே என் லாகினைத் திறந்து காட்ட வேண்டியதாயிற்று. கோடுகள் ஏறக்குறைய எல்லாமே ஒரே இடத்திலிருந்து கிளம்பியது தெரிந்ததும், மேடம் திரையை மெதுவாக மூடிவிட்டு என்னோடு வெளியே வந்தார். திட்டுவார் என்று பார்த்தேன்.

"கடைசி ஒன்பது மட்டும் உங்க லாகின் இல்ல" என்றார். "அது உண்மையாவே மூணாம் ரூம். ஒன்பது நாள். அவர் ஊருக்குப் போன பிறகும் ரெண்டு நாள் அடிச்சிருக்கான். அப்பா ஏன் வரல?"

நைனா போய்விட்டார் என்று அவனிடம் சொல்ல எனக்கு அந்த இரண்டு நாளும் வாய் வரவில்லை. அதை மேடத்திடம் சொன்னேன். மணிக் கயிற்றையும், துடைப்பத்தையும், ஜுரப் போர்வையையும், கை இல்லாத விளக்கையும் சொன்னேன். இடையில் ஒரு ஜோக்கும் வரவில்லை. மேடம் வழக்கமாகக் கையில் வைத்திருக்கும் சீட்டில் எதையும் எழுதவில்லை. ரோட்டைப் பார்த்தபடி நின்றுவிட்டு, "யார் கூப்பிட்டாலும் ஒரே மாதிரி இருக்கணும், அப்பதான் யாருக்கும் வித்தியாசமா தெரியாதுன்னு நான்தான் முடிவு பண்ணேன்" என்றார்.

அவர் விளக்கை மாற்றினார். புதியதில் விரல் எவ்வளவு நேரம் அழுத்துகிறதோ அவ்வளவு நேரம் எரியும், தயங்கினால் தயங்கும், விட்டுவிட்டுத் தொட்டால் விட்டுவிட்டு எரியும். பதிலுக்கு விளக்கையே தொடலாம், போன் தேவையில்லை. ஆனால் அது வந்து சேருவதற்குள் சோதனைக் காலம் முடிந்தது. கட்டடத்துக்காரர் இடத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். டீச்சரம்மா மகள் வீட்டுக்குப் போனார். மூன்றாம் அறைப் பையன் ஸ்ரீசிட்டி பக்கமே ஒரு ஹாஸ்டலுக்கு மாறினான். சமையலறைச் சுவரில் இருந்த சீட்டுகளை உரித்து எடுத்தவன் நான்தான். பச்சைச் சீட்டு பசை காய்ந்து தானாகவே கையோடு வந்தது.

மேடம் புது விளக்கில் ஒன்றை எனக்குக் கொடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு சித்தூர் வழியாக ராமகுப்பத்துக்கு பஸ் ஏறினேன்.

நைனா இளைத்திருந்தார். பூச்சிக் கொட்டகைக்கு ஒட்டின அறையில் அவர் கட்டில். கீழே டிரங்குப் பெட்டி, கயிறு கட்டியபடி. முட்டியைத் தைலம் இல்லாமல் வெறும் கையால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"பூச்சி ஏத்துக்கிச்சா நைனா?"

"அதுக்கென்ன. துன்னுது, தூங்குது. உன்ன மாதிரி பேசறதில்ல."

விளக்கை எடுத்துச் சுவரில் மாட்டினேன். "திரும்பவும் இதா?" என்றார். நான் என் போனை எடுத்து அவர் மடியில் வைத்தேன். இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டிக்கொண்டு எதிர்ச் சுவரோரம் போய் உட்கார்ந்தேன். நான்கு மணிக்கு அழுத்தச் சொல்லிப் பையனிடம் காலையிலேயே பேசியிருந்தேன்.

நான்கு மணிக்கு விளக்கு எரிந்தது. முதலில் மங்கலாக, தொடலாமா வேண்டாமா என்பது போல. பிறகு நின்று எரிந்தது. அணைந்தது. நைனா நிமிர்ந்தார். காதால் கேட்பவர் போலத் தலையைச் சாய்த்து அதைப் பார்த்தார். மறுபடியும் எரிந்தது. இந்த முறை ரொம்ப நேரம், அவசரமே இல்லாமல்.

"இது உன் கை இல்ல" என்றார் நைனா.

"இல்ல நைனா."

"நீ தொட்டா கடைசில ஓடிருவ. இது ஓடல. காத்துக்கினு கீது." விளக்கிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "யாரு?"

"மூணாம் ரூம் புள்ள."

பக்கத்துக் கொட்டகையில் சித்தப்பா இலை போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப, அன்னிக்கி சொன்னது?"

"நெஜம் நைனா. ஒம்போது நாளு கூப்டிருக்கான்."

நைனா முட்டியைத் தேய்ப்பதை நிறுத்தினார். "ஒம்போது நாளும் டீ போட்டு வெச்சிருக்கும்" என்றார். "ஆறிப் போயிருக்கும்டா."

எனக்கு ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்க வேண்டும் போலிருந்தது. அவர் எழுந்து, பெட்டியைக் காலால் கொஞ்சம் முன்னால் தள்ளினார். குனிந்து கயிற்று முடிச்சில் கை வைத்தார். பஸ் எத்தனை மணிக்கு என்று பார்க்கிறவர் போல வாசலைப் பார்த்தார்.

"நாளைக்கி உன்கூட வந்துடறேன். அந்தப் புள்ளைகிட்ட நானே சொல்லிக்கறேன்."

"அவன் அங்க இல்ல நைனா. ஸ்ரீசிட்டிக்கே போயிட்டான்."

"டீச்சரம்மா?"

"மக வீட்ல. அந்த வீடே இப்ப இல்ல. மலைக்கு வர்றவங்க தங்கற லாட்ஜாக்கிட்டாங்க."

நைனா நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். அதில் எங்காவது கடைசி அடி ஓடப் பார்க்கிறதா என்று தேடினார். அவருக்குப் பின்னால் விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"வெளையாடறியாடா?" என்றார்.

நான் விளையாடவில்லை.